பித்தளைப் பால் சட்டியும் பிஞ்சு ஈரலும்

சங்க மலர் என்றால் கோயில் வரலாறு, கல்வெட்டு, இலக்கிய ஆராய்ச்சி என்று கட்டுரைகள் இருப்பது வழக்கம். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் இங்கே எழுதப்போவது அடுக்களை வரலாறு. நூறு ஆண்டுகளுக்கு மேல் நம் நாட்டுக் குழந்தைகளைக் கொண்டுபோன ஒரு நோயைப் பற்றியது இது. அந்த நோய் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கேட்டால் நம் வீட்டு இளைஞர்களுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கோ அதன் பெயர் மட்டும் நினைவிருக்கும். அந்த விடையைத் தேடியதில் நாம் பிழைக்க வந்த இந்தப் புனே நகருக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இம்மலருக்கு இது பொருத்தமான பொருள் என்று கருதினேன்.

கட்டி விழுந்த குழந்தை

எழுபது வயதைத் தாண்டியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். “ஈரல் கட்டி”, “குலைக்கட்டி” என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறும். தஞ்சாவூர்ப் பக்கம் “குழந்தைக்குக் கட்டி விழுந்துடுத்து” என்பார்கள். ஆங்கில மருத்துவர்கள் முதலில் ‘இன்ஃபன்டைல் லிவர்’ என்றார்கள். பின்னாளில் நூல்களில் நிலைத்த பெயர் ‘இண்டியன் சைல்ட்ஹுட் சிரோசிஸ்’, அதாவது இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்க நோய். ஒரு நோய்க்கு நம் நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் இது தாக்கும். கொழுகொழுவென்று இருந்த குழந்தை காரணமில்லாமல் சிணுங்கத் தொடங்கும். பசி மந்தமாகும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். வலது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தால் ஈரல் கல் மாதிரி தட்டுப்படும். அதன் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும் என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறகு கண்ணில் மஞ்சள் ஏறும், வயிறு நீர் கோத்துப் பானையாகும், கால் வீங்கும். கடைசியில் இரத்த வாந்தி, இல்லாவிட்டால் நினைவு தப்பிய உறக்கம். மஞ்சளும் நீரும் வந்த பிறகு சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் கதை முடிந்துவிடும்.

என் தகப்பனாரைப் பெற்ற பாட்டிக்குப் பிறந்தவை ஒன்பது, தங்கியவை ஐந்து. போன நான்கில் இரண்டு கட்டியில் போனவை. “ஒண்ணரை வயசுடா, என் இடுப்பைவிட்டு இறங்காது. கட்டி விழுந்த குழந்தை தங்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மருந்து குடுத்துண்டே இருந்தோம்” என்பாள். அந்த இரண்டு பெயர்களையும் அவள் சாகும்வரை மறக்கவில்லை.

மருத்துவ ஏடுகளில்

‘சிரோசிஸ்’ என்ற சொல்லைத் தந்தவர் பிரெஞ்சு மருத்துவர் லெனெக். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் இவரே. 1819இல் வெளிவந்த நூலில், நோயுற்ற ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை அமைத்தார். அந்நாளில் ஈரல் சுருக்கம் என்றால் பெரும்பாலும் குடிகாரர்களின் நோய் என்றுதான் எண்ணம்.

ஆகவே 1887இல் கல்கத்தா மருத்துவச் சங்கத்தில் சென் என்ற மருத்துவர், மதுவின் வாசனையே அறியாத குழந்தைகளிடம் இதே நோய் இருப்பதைச் சொன்னபோது வியப்பு ஏற்பட்டது. சில ஆண்டுகளில் கிப்பன்ஸ் என்ற மருத்துவர், இறந்த குழந்தைகளின் ஈரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து விரிவாக எழுதினார். அடுத்தடுத்து வங்காளம், சென்னை மாகாணம், பம்பாய் மாகாணம் என்று எல்லாப் பக்கமிருந்தும் செய்திகள் வந்தன. 1955இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணைக்குழு இந்த நோயைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. 1960இல் சென்னையின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் எஸ்.டி.ஆச்சாரும் உடன் உழைத்தவர்களும் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் இந்நோயைப் பற்றி எழுதினார்கள்.

நுண்ணோக்கியில் கண்டவற்றில் ஒன்று எல்லோரையும் குழப்பியது. ஈரல் அணுக்களுக்குள் ‘மல்லோரி’ என்ற பெயர்கொண்ட கண்ணாடி போன்ற திரள்கள் நிறைய இருந்தன. பெருங்குடியரின் ஈரலில் காணும் பொருள் அது. பால்குடி மாறாத பிள்ளையின் ஈரலில் அது எப்படி வந்தது? ஏதோ ஒரு நஞ்சு உள்ளே போயிருக்க வேண்டும். அது என்ன என்றுதான் தொண்ணூறு ஆண்டுகள் தெரியவில்லை.

நீரோடும் இரத்தத்தோடும் நடந்த போராட்டம்

காரணம் தெரியாதபோது மருத்துவரால் ஆகக்கூடியது, நோயின் விளைவுகளைச் சமாளிப்பது ஒன்றே. ஈரல் கெட்டால் மூன்று பெரிய சிக்கல்கள் உண்டு. வயிற்றில் நீர் கோப்பது, உணவுக்குழாயின் அடியில் புடைத்த இரத்தக் குழாய்கள் வெடிப்பது, மூளை மயங்குவது.

நீர்க்கோவையை நம் வைத்தியர்கள் மகோதரம், பெருவயிறு என்பார்கள். வயிற்றில் துளையிட்டு நீரை வடிப்பது நம் நாட்டில் பழைய வித்தை. சுசுருத சம்ஹிதை இதை விரிவாகச் சொல்கிறது. தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கமாகத் துளைத்துக் குழாய் செருக வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் வடித்துவிடக் கூடாது, வடித்தால் தாகம், காய்ச்சல், மூச்சிரைப்பு முதலிய கேடுகள் வரும். வடித்தபின் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டி, பல மாதம் பாலுணவில் வைக்க வேண்டும். இந்த எச்சரிக்கையின் உண்மை இக்காலத்தில்தான் முழுதும் விளங்கியது. நிறைய நீரை ஒரேயடியாக எடுத்தால் இரத்த ஓட்டம் தளர்ந்து சிறுநீரகம் பழுதாகலாம். அதைத் தடுக்க ஆல்புமின் என்னும் புரதத்தை நரம்பு வழியே ஏற்றலாம் என்பதை 1980களின் இறுதியில் பார்சிலோனா மருத்துவர்கள் ஆய்வு நடத்திக் காட்டினார்கள். இப்போது பெரியவர்களுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால், லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை ஆல்புமின் ஏற்றுவது வழக்கமாகியிருக்கிறது.

ஆனால் 1930, 40களில் நம் பாட்டிமார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் இவை எதுவும் கிடையாது. உப்பை நிறுத்தச் சொல்வார்கள். ஊசியால் நீரை இறக்குவார்கள். குழந்தை இரண்டு நாள் மூச்சு விட்டுச் சிரிக்கும். பிறகு வயிறு மறுபடி நிரம்பும். ஒவ்வொரு முறையும் உடம்பின் புரதம் அந்த நீரோடு போய்விடும். நீரைப் பிரிக்கும் நல்ல மாத்திரைகள் பரவலானது 1960களில். மூளை மயக்கத்துக்கு லாக்டுலோஸ் என்னும் இனிப்புக் கரைசல் உதவும் என்று தெரிந்தது 1966இல். இரத்த வாந்திக்கு அன்று இரத்தம் ஏற்றுவதைத் தவிர வழியில்லை, அதுவும் பெரிய நகரங்களில்தான்.

இந்த வெறுமையில் பிறந்தவைதான் ‘லிவர் மருந்து’கள். பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் ஜம்மி வேங்கடரமணய்யாவின் ‘லிவர்க்யூர்’ விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. சென்னை ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஜம்மி கட்டடம் என்றே ஒன்று பேர் பெற்றிருந்தது. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி என்று கைவைத்தியமும் உண்டு. குழந்தையின் ஈரலுக்கென்று தனி மருந்து இத்தனை வீடுகளில் தேவைப்பட்டது என்பதே, அந்நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று.

பழி விழுந்த இடம்

இந்த நோயின் நடமாட்டத்தில் சில விநோதங்களை மருத்துவர்கள் கவனித்தார்கள். பரம ஏழைகளைவிட நடுத்தரக் குடும்பங்களில் அதிகம். இந்துக் குடும்பங்களில் அதிகம், முஸ்லிம் கிறிஸ்தவக் குடும்பங்களில் குறைவு. தென்னாட்டில் பிராமணக் குடும்பங்களில் நிறையக் கண்டதாகவும் எழுதினார்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழந்தைகள் இறந்தன.

இதனால் பரம்பரை நோய் என்றார்கள் சிலர். கிருமி என்றார்கள் சிலர். சத்துக்குறைவு என்றார்கள் சிலர். 1971இல் மைசூர் ஆராய்ச்சியாளர்கள், பூசணம் பிடித்த வேர்க்கடலை மாவில் உண்டாகும் அஃப்லாடாக்சின் நஞ்சைச் சந்தேகித்தார்கள்.

ஏட்டில் இப்படி. வீட்டில் வேறு. இரண்டாவது குழந்தையும் போனால் மருமகள் ராசியில்லாதவள் ஆகிவிடுவாள். எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் குழந்தை கட்டியில் போனதும், “இவ பால்லதான் ஏதோ தோஷம் இருக்கு” என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். அடுத்த குழந்தைக்குச் சில வாரங்களிலேயே தாய்ப்பாலை நிறுத்தினார்கள். வீட்டிலேயே பசு இருந்தது. கறந்த பாலைப் பித்தளைச் சட்டியில் காய்ச்சி, அதிலேயே மூடி வைத்து, வேளாவேளைக்குப் பாலாடையில் புகட்டினார்கள். அதுவும் பிழைக்கவில்லை. அதற்கு மேல் என் பாட்டி வாய் திறக்க முடியுமா?

இந்தச் செய்தியைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடை இதற்குள்தான் இருந்தது.

கல்பாசிச் சாயம் காட்டிக்கொடுத்தது

1978இல் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. போர்ட்மன், டேனர், மோவட், வில்லியம்ஸ் ஆகிய நால்வர் எழுதியது. இந்நோயால் தாக்குண்ட குழந்தைகளின் ஈரல் துணுக்குகளுக்கு ஆர்சீன் என்னும் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். நம் செட்டிநாட்டுச் சமையலில் போடுகிறோமே கல்பாசி, அதைப் போன்ற பாசி வகைகளிலிருந்து எடுக்கும் சாயம் அது. அணுக்களுக்குள் கரும்பழுப்புத் துகள்கள் தெரிந்தன. செம்பைப் பிடித்துவைத்திருக்கும் புரதத்தின் அடையாளம் அவை.

அடுத்த ஆண்டு, 1979இல், டேனர் குழுவினர் ஈரலில் உள்ள செம்பை அளந்தே காட்டினார்கள். சாதாரணமாக உலர்ந்த ஈரலின் ஒரு கிராமில் செம்பு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்கும். இந்தக் குழந்தைகளிடமோ அது பல நூறு, சிலரிடம் ஆயிரத்துக்கும் மேல். அதே ஆண்டு அமெரிக்காவின் ஹான்ஸ் பாப்பரும் நம் நாட்டு நோய்க்குறியியல் அறிஞர் என்.சி.நாயக்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வும் செம்பின் பக்கமே கை காட்டியது.

இவ்வளவு செம்பு குழந்தையின் வயிற்றுக்குள் எப்படிப் போனது? இதற்கு விடை காணப்பட்ட இடம் நம் புனே. ராஸ்தா பேட்டையில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் குழந்தை மருத்துவர்கள் ஆனந்த் பண்டிட்டும் ஷீலா பாவேயும் டேனரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஆய்வுக்கூடத்தை விட்டு அடுக்களைக்குப் போய், தாய்மார்களிடம் எளிய கேள்விகள் கேட்டார்கள். குழந்தைக்கு எந்த மாதத்தில் மாட்டுப்பால் கொடுத்தீர்கள்? எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள்? எதில் ஊற்றி வைத்தீர்கள்? நோயுற்ற குழந்தைகளின் வீடுகளில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி பதில் வந்தது. மிக இளம் வயதிலேயே விலங்குப்பால். அதைக் காய்ச்சியதும் வைத்ததும் பித்தளையில் அல்லது செம்பில். 1983இல் இந்த முடிவு ‘லான்செட்’டில் வெளிவந்தது. 1987இல், நோயுற்ற குழந்தைகளையும் நலமான குழந்தைகளையும் இணை இணையாக ஒப்பிட்ட ஆய்வையும் வெளியிட்டார்கள்.

புனேயில் கஸ்பா பேட்டைப் பக்கம் போனவர்களுக்குத் தாம்பட் ஆளி தெரிந்திருக்கும். பேஷ்வா காலத்திலிருந்து செம்புக் கொட்டர்கள் வாழும் சந்து. காலையில் அங்கே போனால் சுத்தியல் ஓசை காதைத் துளைக்கும். அந்தச் சந்திலிருந்து கே.இ.எம். மருத்துவமனை நடந்து போகும் தூரம்தான்.

பாலும் பித்தளையும்

நான் பணி ஓய்வு பெறும்வரை உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். செம்பு பெரும்பாலும் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பங்கு இருக்கும். வெறும் தண்ணீரைவிடப் பால் இந்தச் செம்பை நன்றாக இழுக்கும். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் செம்பைப் பற்றிக்கொள்கிறது. காய்ச்சினாலும், மணிக்கணக்கில் அதிலேயே வைத்திருந்தாலும் செம்பு ஏறிக்கொண்டே போகும். பாலின் நிறமோ மணமோ மாறாது. 1989இல் ஓநீலும் டேனரும் இதைச் சோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள்.

நம் முன்னோர்களுக்குப் பித்தளையின் குணம் தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகவே தெரியும். அதனால்தான் ஈயம் பூசினார்கள். “பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்…” என்று தெருவில் குரல் கேட்கும். மரத்தடியில் குழி தோண்டித் துருத்தி வைத்துப் பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் ஒரு சுழற்று சுழற்றினால் உள்பக்கம் நிலவு மாதிரி ஆகிவிடும். இங்கே மராத்தியர்கள் அதையே கல்ஹய் என்கிறார்கள். புளிக்குழம்பு, ரசம் வைக்கும் பாத்திரங்களுக்கு ஈயம் தவறாது. பூசாவிட்டால் களிம்பு ஏறிப் பச்சையாகத் தெரியும், நாக்கில் உறைக்கும், வாந்தி வரும். பால் சாது என்ற நம்பிக்கையில், பால் சட்டி பல வீடுகளில் ஈயமில்லாமலே புழங்கியது. கண்ணுக்குத் தெரிந்த களிம்புக்கு அஞ்சிய அடுக்களை, தெரியாத செம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது என் கணிப்பு.

ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர் கதையிலும் பித்தளைக்கு இடம் உண்டு. சென்னையிலிருந்து பம்பாய் மெயிலில் கைக்குழந்தையோடு வரும் குடும்பங்களில், திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜாவில் காய்ச்சிய பால் இருக்கும். ஒரு பகல் ஓர் இரவுக்கு அதுதான் குழந்தையின் ஆகாரம்.

இதே பாலைக் குடித்த பெரியவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? பிறக்கும்போதே குழந்தையின் ஈரலில் செம்பின் இருப்பு அதிகம். கருவிலிருந்து கொண்டுவரும் சேமிப்பு அது. மிகுதிச் செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் திறன் முதல் சில மாதங்களில் முதிர்ந்திருக்காது. அதோடு குழந்தைக்குப் பால் ஒன்றே உணவு. உடல் எடைக்கு ஒப்பிட்டால், பெரியவர்களைவிடப் பல மடங்கு செம்பு உள்ளே போகும்.

நோயின் விநோதங்களும் இப்போது ஓரளவு புரிகின்றன. பித்தளைப் பாத்திரம் சீர்வரிசையாக வரும் வீடு நடுத்தர வீடு. பரம ஏழைக்கு மண்சட்டியும் பின்னாளில் அலுமினியமும்தான். முஸ்லிம் வீடுகளில் ஈயம் பூசிய செம்புப் பாத்திரங்கள் வழக்கம். ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழந்தைகள் இறந்ததற்கு, அதே சட்டியும் அதே வழக்கமும் தொடர்ந்தது காரணமாகலாம். தாய்ப்பாலைப் பழித்து நிறுத்திய வீடு, குழந்தையின் காப்பை எடுத்துவிட்டு நஞ்சைக் கையில் கொடுத்தது. என் பாட்டியின் பாலில் தோஷம் இல்லை.

ஆல்ப்ஸ் மலையில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரன்

இது இந்தியாவுக்கு மட்டுமே உரிய நோய் என்ற எண்ணம் 1996இல் உடைந்தது. ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே போன்ற ஈரல் நோயால் இறந்ததை முல்லர் குழுவினர் ‘லான்செட்’டில் வெளியிட்டார்கள். அங்கேயும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் பசும்பாலைக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. செம்புப் பாத்திரம் போனதும் நோயும் போயிற்று. செம்பு உண்ட எல்லாக் குழந்தைகளும் நோயுறவில்லை. குடும்ப வரலாறுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பரம்பரையாக வரும் ஒரு பலவீனமும் சேர்ந்தால்தான் நோய் முற்றுகிறது என்று அவர்கள் கருதினார்கள். நம் நாட்டிலும் அப்படி இருந்திருக்கக்கூடும்.

செம்பே முழுக் காரணம் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பித்தளை புழங்காத வீடுகளிலும் இதே போன்ற நோயைக் கண்டதாகச் சிலர் எழுதினார்கள். செம்பை முதலில் சுட்டியவர்களில் ஒருவரான நாயக்கே, 2013இல் எழுதிய கட்டுரையில், செம்பு காரணமா விளைவா என்ற கேள்வியை எழுப்பினார். அந்த விவாதத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

எவர்சில்வர் வந்தது, கட்டி போனது

மருந்து பற்றியும் சொல்லிவிட வேண்டும். உடலில் தேங்கிய செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் என்ற மருந்தை, வில்சன் நோய்க்காக 1956இல் அறிமுகப்படுத்தியவர் ஆங்கிலேய மருத்துவர் வால்ஷ். புனே மருத்துவர்கள் அதை இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சளும் நீரும் வந்துவிட்ட குழந்தைகளுக்குப் பெரிய பலன் இல்லை. அதற்கு முன்பே வந்த குழந்தைகளில் பலர் பிழைத்தார்கள். 1996இல் வெளியான நெடுநாள் தொடர்ச்சி ஆய்வு, பிழைத்தவர்களில் சிலருடைய ஈரல் ஏறக்குறையப் பழைய நிலைக்குத் திரும்பியதையும், மருந்தை நிறுத்திய பிறகும் நோய் திரும்பாததையும் காட்டியது. சுருங்கிய ஈரல் மீளாது என்ற பழைய தீர்ப்பைத் திருத்திய செய்தி இது.

ஆனால் நோயை நாட்டைவிட்டுத் துரத்தியது மருந்து அல்ல. 1960, 70களில் எவர்சில்வர் மோகம் பிடித்தது. பழைய பித்தளை அண்டாவையும் தவலையையும் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் டம்ளர் வாங்காத வீடு உண்டா? “பித்தளை தேய்ச்சுத் தேய்ச்சுக் கை போறது” என்பதுதான் நம் தாய்மார்கள் சொன்ன காரணம். எந்த மருத்துவரும் சொல்லி அவர்கள் மாறவில்லை. கூடவே, தாய்ப்பால் கொடுங்கள் என்ற பிரசாரமும் வலுத்தது. மகாராஷ்டிரத்தில் மருத்துவர்கள் கிராமங்களில் பித்தளைப் பாத்திரம் பற்றி எடுத்துச் சொல்லி வந்தார்கள். 1990களில் இந்நோய் அரிதாகிவிட்டது. நூறாண்டு காலம் நீர் இறக்கியும் மருந்து புகட்டியும் காப்பாற்ற முடியாத குழந்தைகளை, ஒரு பாத்திர மாற்றம் காப்பாற்றியது.

இன்று நமக்கு என்ன?

பழைய கதை என்று இதை மூடிவைக்க முடியவில்லை. பித்தளையும் செம்பும் மறுபடி நாகரிகமாகி வருகின்றன. ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் பித்தளை வாணலி, வெண்கலப் பானை, செம்புத் தண்ணீர்ப் போத்தல் எல்லாம் நல்ல விலைக்கு விற்கின்றன. நலமான பெரியவர் ஒருவர் செம்புக் குடத்துத் தண்ணீர் குடிப்பதற்கு நான் தடை சொல்லவில்லை. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆனால் பால், மோர், தயிர், எலுமிச்சை, புளி இவற்றை ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ வைக்கக் கூடாது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் எதையும், தண்ணீரைக்கூட, அவற்றில் காய்ச்சவோ ஊற்றி வைக்கவோ வேண்டாம். வில்சன் நோய் உள்ள குடும்பங்கள் செம்புப் பாத்திரங்களைத் தொடவே வேண்டாம். ஈயம் பூசுவதானால் அது சுத்த வெள்ளீயமாக இருக்கட்டும். காரீயம் கலந்தால் அது வேறொரு நஞ்சு.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்வதும் இந்த வரலாற்றோடு பொருந்துகிறது.

குழந்தைகளின் ஈரல் நோய்கள் அனைத்தும் ஒழிந்துவிடவுமில்லை. பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் மாறாமல், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்துப் போனால் ‘வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்’ என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அறுபது நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பலன் அதிகம். பிந்தினால் ஈரல் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய ஈரலோடு காஞ்சிபுரத்திலிருந்து தில்லி அப்போலோ மருத்துவமனைக்கு வந்த இருபது மாதக் குழந்தைக்கு, தகப்பனாரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து 1998 நவம்பரில் பொருத்தினார்கள். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தை ஈரல் மாற்று சிகிச்சை அது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானதைப் பத்திரிகைகள் பின்னாளில் மகிழ்ச்சியோடு எழுதின.

நம் குடும்பங்களில் வம்சாவளி எழுதும்போது பிழைத்த பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதுகிறோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேளுங்கள். எத்தனை குழந்தைகள், எந்த வயதில், எதனால் போயின, வீட்டில் எந்தப் பாத்திரத்தில் பால் காய்ச்சினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அப்படிக் கேட்கும்போது உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு பாட்டியின் மேல் விழுந்த பழி வெளிவரக்கூடும். அது பொய்ப் பழி என்று அவர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். என் பாட்டி 1974இல் காலமானாள். ‘லான்செட்’டில் கட்டுரை வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.